அவளைத் தாண்டிப் போன கவளம்

எனக்கு எச்சில் ஆகவே ஆகாது. இதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா மத்தது எதுவும் புரியாது. தண்ணிய அண்ணாந்துதான் குடிப்பேன். அடுத்தவங்க தட்டுல கை வைக்க மாட்டேன், என் தட்டுல யாரையும் கை வைக்கவும் விட மாட்டேன். ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சமைச்சுக் கொண்டுவர பாட்லக் வச்சா, மத்தவங்க கை படறதுக்குள்ள முதல் ஆளா போய் எடுத்துட்டு வந்துடுவேன். எங்க கல்யாணத்துல பாலும் பழமும் குடுக்கிற சடங்குல கூட, அவ நீட்டின வாழைப்பழத் துண்டை வாயால வாங்காம கையால வாங்கிப் போட்டுக்கிட்டேன். சுத்தி நின்ன பொம்பளைங்க சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. அப்ப அவளுக்கு இருபத்து மூணு வயசு.

பொண்ணு பொறந்தப்பவும் அதே கதைதான். டயபர் மாத்துவேன், தோள்ல போட்டுக்கிட்டு நடப்பேன், டேகேர்ல விட்டுக் கூட்டிட்டு வருவேன். சோறு ஊட்டறது மட்டும் அவ வேலை. "எனக்கு அது வராது"ன்னுட்டேன். வராதுன்னா வராது, அவளும் விட்டுட்டா. டெக்சஸ் வந்து, காப்பெல்ங்கற ஊர்ல வீடு வாங்கி, பொண்ணு படிச்சு முடிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு நியூ ஜெர்சிக்குப் போற வரைக்கும் அந்த 'வராது' எங்க வீட்ல ஒரு ஜோக்காத்தான் ஓடிட்டிருந்துச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு வலது பக்க மார்புல ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் வலது கையைத் தூக்கவே முடியல. இடது கையால சாப்பிடற பழக்கம் அவளுக்குக் கிடையாது, நம்ம ஆளுங்க யாருக்குத்தான் இருக்கு? நான் ஒரு ஸ்பூனை எடுத்து அவ இடது கையில வச்சேன். ரெண்டு வாய் எடுத்தா, பாதி மடியில கொட்டுச்சு, ஸ்பூனைக் கீழ வச்சுட்டா. "ஏங்க, ஒரு வாய் ஊட்டி விடுங்களேன்"னு கேட்டா. காலைல ஒன்பதரை மணிக்கு எனக்கு டீம் கால். "எனக்கு அதெல்லாம் வராதும்மா"ன்னு சொல்லிட்டு லேப்டாப் முன்னாடி போய் உக்காந்துட்டேன். கால் முடிஞ்சு வந்து பாத்தப்ப தட்டுல உப்புமா காஞ்சு போய் இருந்துச்சு.

அவ மறுபடியும் கேக்கல. நான் சும்மா இல்லீங்க. அடுத்த நாளே பக்கத்துத் தெரு ஆன்ட்டி கிட்டப் பேசி ஏற்பாடு பண்ணேன். அவங்க தினம் வந்து பக்கத்துல உக்காந்து ஊட்டிட்டுப் போவாங்க. பொண்ணு ரெண்டு வாரம் வந்து இருந்தா. மருந்து வேளையெல்லாம் எக்செல்ல போட்டேன், இன்சூரன்ஸ்காரனோட மணிக்கணக்கா சண்டை போட்டேன், ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட்டுக்கும் லீவு போட்டு டிரைவ் பண்ணேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவளுக்கும் நல்லாயிடுச்சு. ஸ்கேன் எல்லாம் சுத்தமா வந்துச்சு.

நல்லானதுக்கு அப்புறம்தான் அவ பேச்சைக் குறைச்சா. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, திரும்பிக் கூடப் பாக்காம சொன்னா. "நான் பொண்ணு வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன். கொஞ்ச நாளுக்கு இல்ல. மொத்தமா."

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. எனக்கு எப்பவும் அதுதான் முதல்ல வரும். என்ன குறை வச்சேன், எதுல குறை வச்சேன்னு கத்துனேன். அவ கையைத் துடைச்சுட்டு என் எதுர்ல வந்து உக்காந்தா. "நீங்க எதுலயும் குறை வைக்கல. நான் படுத்திருந்தப்ப என்னைத் தொட உங்களால முடியல. அது உங்க சுபாவம், உங்களால முடியாது, வேணும்னு பண்ணலன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அதை நம்பித்தான் இந்த வீட்ல இருக்கேன். ஆனா தினமும் அதை எனக்கே சொல்லிக்க வேண்டியிருக்கு. அலுத்துப் போச்சுங்க."

போகாதன்னு கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சவும் சரியா வராது, ஆர்டர் போடற மாதிரிதான் இருந்திருக்கும். அந்தச் சமயம்தான் என் ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் தன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்பிட்டாரு. ரிச்சர்ட்சன் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷமா என் பக்கத்து சீட், சொந்த ஊரு எத்தியோப்பியா, அடிஸ் அபாபாலேர்ந்து மூணு மணி நேரம் தள்ளி ஒரு டவுன். "குடும்பத்தோட வரணும், எங்க அம்மா உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்கறாங்க"ன்னாரு. வீட்ல வந்து சொன்னேன். "சரி, போயிட்டு வருவோம். வந்ததுக்கு அப்புறம் என் முடிவைச் சொல்றேன்"னா. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் விசா அப்ளை பண்ணேன், லீவு வாங்கினேன், மஞ்சக் காய்ச்சல் ஊசி போட ரெண்டு பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அங்க போய் எறங்கினதும் அவ மாறிட்டா. நான் சொல்றது நெஜம். மலைக்காத்து, எங்க பாத்தாலும் யூகலிப்டஸ் வாசனை. ஊட்டி மாதிரி இருக்கு இல்லன்னு அவளாவே பேச்சு குடுத்தா. வழியில வண்டியை நிறுத்தச் சொல்லிக் காப்பி குடிச்சா, போட்டோ எடுக்கச் சொன்னா. கார்ல அவ தலை என் தோள்ல சாஞ்சிருந்துச்சு. தூக்கத்துல சாஞ்சதுதான், இருந்தாலும் நான் அசையாம உக்காந்து வந்தேன். இவ நம்மள விட்டுப் போக மாட்டான்னு மனசுக்குள்ள ஒரு தைரியம் வந்துடுச்சு.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்ல விருந்து. பந்தல் போட்டு, தரையில புல்லு பரப்பி வச்சிருந்தாங்க. பெஞ்சு, நாற்காலி எல்லாம் வட்ட வட்டமா. ஒரு அம்மா ஜக்குல தண்ணி கொண்டுவந்து ஒவ்வொருத்தர் கையிலயும் ஊத்தினாங்க. எங்க வட்டத்துல எட்டு பேரு. நடுவுல ஒரே ஒரு தாம்பாளம், அதுவும் கார் டயர் அகலத்துக்கு. அதுல இஞ்செரா விரிச்சிருந்துச்சு. புளிச்ச மாவுல ஊத்தின பெரிய ஆப்பம்னு வச்சுக்குங்க. அது மேலயே கோழிக்கொழம்பு, முழு முட்டை, பருப்பு, கீரைன்னு குவியல் குவியலா ஊத்தினாங்க. தட்டு கிடையாது. எட்டு பேரும் அந்த ஒரே தாம்பாளத்துல கை வைக்கணும். என் பொண்டாட்டி என் மூஞ்சியப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "செத்தீங்க"ன்னா.

என் பக்கத்துல கைபடாத ஒரு ஓரத்தைப் பாத்துப் பிச்சுச் சாப்பிட ஆரம்பிச்சேன். அப்ப என் சிநேகிதரோட அம்மா எழுந்து வந்தாங்க. வெள்ளை உடுப்பு, ஓரத்துல பச்சையும் செகப்புமா கரை. தாம்பாளத்துலேர்ந்து ஒரு பெரிய துண்டு பிச்சு, அதுல கோழியும் கொழம்பும் வச்சு, விரலாலேயே உருட்டி, நேரா என் வாய்க்கிட்ட கொண்டுவந்தாங்க. சிநேகிதர் என் காதுல, "இது குர்ஷா. பிரியத்துக்கும் மரியாதைக்கும் ஊட்டறது. வேண்டாம்னு சொல்லிடாதீங்க, அம்மா மனசு உடைஞ்சு போயிடும்"னாரு. பந்தலே என்னைப் பாக்குது. அந்தம்மா கையில கொழம்பு வழிஞ்சு மணிக்கட்டு வரைக்கும் ஓடுது. நான் கண்ண மூடிக்கிட்டு வாயைத் திறந்தேன்.

ஒண்ணும் ஆகல. காரமா, நல்லா, நம்ம ஊரு மசாலா மாதிரிதான் இருந்துச்சு. முழுங்கறதுக்குள்ள ரெண்டாவது வந்துச்சு, ஒண்ணோட நிறுத்த மாட்டாங்களாம். எல்லாரும் கை தட்டினாங்க. இப்ப நீங்க அம்மாவுக்குக் குடுங்கன்னாரு சிநேகிதர். விருந்தாளியா போன இடத்துல நாம மொறை தவறக் கூடாது இல்லையா? நானும் பிச்சேன், உருட்டினேன், அந்தம்மா வாயில வச்சேன். என் விரல் அவங்க உதட்டுல பட்டுச்சு. அவங்க என் கன்னத்தைப் புடிச்சு மூணு தடவை முத்தம் குடுத்தாங்க. மறுபடியும் கைதட்டல்.

அதுல எனக்குத் தலை கிறுகிறுத்துடுச்சு. தேன்ல பண்ணின ஏதோ ஒரு மதுவும் கொஞ்சம் குடிச்சிருந்தேன், ஆனா பழியை அது மேல போட மாட்டேன். கைதட்டல்தான். அடுத்து சிநேகிதருக்கு ஊட்டினேன். மாப்பிள்ளையோட அப்பாவுக்கு ஊட்டினேன். பேரு கூடத் தெரியாத ஒரு பேங்க் ஆபீசர், பல்லுல ரெண்டு இல்ல, அவர் வாயிலயும் வச்சேன். வட்டத்துல வரிசையா போயிட்டிருந்தேன். ஒவ்வொருத்தருக்கும் முந்தினதை விடப் பெருசா உருட்டினேன், பெருசா இருந்தா பிரியம் அதிகமாம். அடுத்து என் பொண்டாட்டி.

முட்டைத் துண்டு வச்சு ஒண்ணு உருட்டிக்கிட்டுத் திரும்பினேன். அவ ஏற்கெனவே என் பக்கம் திரும்பி உக்காந்திருந்தா. முகத்தைக் கொஞ்சம் தூக்கி, வாயை லேசாத் திறந்து வச்சிருந்தா.

நான் பாத்தேன். பாக்கலன்னு பல பேரு கிட்டச் சொல்லியிருக்கேன், பொய். நல்லாவே பாத்தேன். கையும் அவ வாயிலேர்ந்து ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. அப்பத்தான் ஒரு கூச்சம் வந்து தொலைச்சுது. நாலு பேரு முன்னாடி சொந்தப் பொண்டாட்டிக்கு எப்படி ஊட்டறது? அந்த நாலு பேர்ல சிநேகிதரை விட்டா எங்கள அறிஞ்சவங்க யாரு, தமிழ் தெரிஞ்சவங்க யாரு, ஒருத்தர் கிடையாது. இருந்தும் அந்த எழவு கூச்சம் வந்துச்சு. அசடு வழியச் சிரிச்சுக்கிட்டே கையை அவ மூஞ்சிக்கு முன்னாடி கொண்டுபோய், அவளைத் தாண்டி, அந்தப் பக்கம் உக்காந்திருந்த மாப்பிள்ளையோட அத்தை வாயில வச்சுட்டேன். நான் வெளையாடறேன்னு நெனச்சு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

அவ வாயை மூடினா. மடியில இருந்த நாப்கினை எடுத்து உதட்டைத் துடைச்சுக்கிட்டா. உதட்டுல ஒண்ணுமே இல்ல. அந்த அத்தைக்கு என்ன புரிஞ்சுதோ தெரியல, சிரிப்பை நிறுத்திட்டு, ஒரு கவளம் உருட்டி அவங்களே அவளுக்கு ஊட்டினாங்க. அவ சாப்பிட்டா. அவங்க கையைப் புடிச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் விருந்து முடியற வரைக்கும் என் பக்கம் திரும்பல.

சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்பினோம். ரூமுக்கு வந்து, தோட்டைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னா. "உங்களுக்கு வருது."

"இல்லம்மா, அவங்க தப்பா எடுத்துப்பாங்கன்னுதான்..."

"அதான் சொல்றேன். வருது. நல்லாவே வருது. பல்லு இல்லாத ஆளுக்குக் கூட எலும்பு எடுத்துட்டுக் குடுத்தீங்க, பாத்தேன்."

அவ அழுதிருந்தா எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவ எதுவும் பண்ணல. ரெண்டு வருஷமா ஒரு விஷயத்தை நம்பி அதுல காலை ஊன்றி நின்னுட்டிருந்தா, அது மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயிடுச்சு. மிச்சமிருந்த நாள்ல ஏரி பாத்தோம், பழைய கோயில் பாத்தோம், போட்டோ எடுத்துக்கிட்டோம். எல்லா போட்டோவுலயும் அவ சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.

காப்பெல்லுக்குத் திரும்பி வந்தா வாசல்ல புல்லு வெட்டலன்னு காலனி அசோசியேஷன் லெட்டர் கிடந்துச்சு. புல்லு வெட்டினேன். துணி துவைச்சோம். திங்கக்கிழமை ஆபீஸ் போனேன். எல்லாம் பழையபடி ஆயிடும்னு ஒரு நப்பாசை. அந்த வாரமே சிநேகிதர் விருந்து வீடியோவை எங்க ரெண்டு பேருக்கும் அனுப்பினாரு. நான் பாக்கறதுக்கு முன்னாடி அவ அதைப் பொண்ணுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டா. பொண்ணு எனக்கு போன் பண்ணா. அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்ல. "அப்பா, ஒய் டிட் யூ ஸ்கிப் அம்மா?" சும்மா தமாஷுக்குன்னேன். அவ போனை வச்சுட்டா. அப்புறம் நான் வீடியோவைப் பாத்தேன். ஒருத்தர் விடாம எல்லாரும் சிரிக்கிறாங்க, நடுவுல என் பொண்டாட்டி வாய் திறந்திருக்கு. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். திறந்தே இருக்கு.

சனிக்கிழமை ரிச்சர்ட்சன் பக்கம் இருக்கிற எத்தியோப்பியக் கடையில இஞ்செரா வாங்கிட்டு வந்தேன். யூடியூப் பாத்துக் கோழிக்கொழம்பு வச்சேன். அடுப்பங்கரையே ரணகளம். மத்தியானம் அவளை உக்கார வச்சு, ஒரு துண்டு பிச்சு உருட்டி அவ வாய்க்கிட்ட கொண்டுபோனேன். அவ என் மணிக்கட்டைப் புடிச்சு மெதுவா இறக்கித் தட்டுலயே வச்சுட்டா. "வேண்டாங்க. இங்க யாரு பாக்கறாங்க?" அப்புறம் அவளே பிச்சு அவ கையாலயே சாப்பிட்டா. கொழம்பு நல்லா இருக்குன்னா. சாப்பிட்டு முடிச்சதும் டிக்கெட் புக் பண்ணியாச்சுன்னு சொன்னா. ஒரு வழி டிக்கெட்.

ஏர்ப்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணேன். வீட்லேர்ந்து பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல நான் பேசியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்? ஃப்ரீவேல ஏறினதும் கத்துனேன். "ஒரு வாய் சோத்துக்காக இருபத்தெட்டு வருஷத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் போறியா?"

அவ ஜன்னல் வழியா வெளியில பாத்துக்கிட்டிருந்தா. "ஆமா. ஒரு வாய்தான் கேட்டேன்"னா.

நாலு மாசம் ஓடுச்சு. ஃபோன் பண்ணா எடுப்பா, மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேப்பா, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ஞாபகப்படுத்துவா. எப்ப வருவேன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவா. பொறுக்க முடியாம நானே நியூ ஜெர்சிக்குக் கிளம்பினேன். திரும்பி வரதுக்கு ரெண்டு சீட்டு புக் பண்ணேன், எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்துல. பிளேன்ல போறப்ப என்ன சொல்லணும்னு வார்த்தை வார்த்தையா மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன்.

பொண்ணுதான் கதவைத் திறந்தா. என் பொண்டாட்டி பின்னாடி நின்னுட்டிருந்தா. முகம் தெளிஞ்சு, கொஞ்சம் சதை போட்டிருந்தா. காலைல ரெண்டு மூணு ஆன்ட்டிங்களோட வாக்கிங் போறாளாம். வாங்கன்னா, பிரயாணம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, குடிக்கத் தண்ணி கொண்டுவந்து குடுத்தா. மனப்பாடம் பண்ணினது எல்லாம் அப்படியே மறந்துடுச்சு.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பொண்ணு எதுர்ல, மாப்பிள்ளை பக்கத்துல. இப்ப விட்டா எப்பவும் இல்லன்னு தோணுச்சு. என் தட்டுல சாதத்தை நல்லாக் குழையப் பிசைஞ்சு, ஒரு வாய் உருட்டி, எல்லாரும் பாக்க அவ வாய்க்கு நேரா நீட்டினேன். பொண்ணு ஸ்பூனைக் கீழ வச்சுட்டா. ரசம் என் கை வழியா முழங்கை வரைக்கும் ஓடுது. அவ அந்தக் கவளத்தைப் பாத்தா. மாப்பிள்ளையைப் பாத்தா. அப்புறம் ஒரு சின்னச் சிரிப்போட வாயைத் திறந்து வாங்கிக்கிட்டா.

அவ மென்னு முழுங்கினா. டிஷ்யூ எடுத்து வாயை ஒத்திக்கிட்டா.

"தேங்க்ஸ்ங்க"ன்னா.

இருபத்தெட்டு வருஷத்துல அவ எனக்குத் தேங்க்ஸ் சொன்னதே இல்ல. மாப்பிள்ளை முன்னாடி என்னை அவமானப்படுத்தக் கூடாதுன்னு வாயைத் திறந்திருக்கா, அவ்வளவுதான். ரெண்டாவது வாய் உருட்டலாமான்னு கையைத் தட்டுலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ என் பக்கம் ரசத்தை நகத்தி வச்சுட்டு, நாளைக்கு உங்க ஃப்ளைட் எத்தனை மணிக்கு, மாப்பிள்ளை லீவு போட்டு வந்து டிராப் பண்ணுவாருன்னா. பதினொரு மணிக்குன்னு சொன்னேன்.